அந்த எட்டுக் கட்டங்களை நிரப்பியவள்

கண்ணு,

வெள்ளிக்கிழமை காலை சினிமா ஸ்டூடியோ வாத்தியக் குழுவில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று காமாட்சியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு ஆகட்டும். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலு பக்கம் எழுதிவிட்டு அதை மட்டும் சொல்லாமல் மடித்து ஒட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் மெட்ராஸில் அந்த ஜெர்மன்காரர் குழுவோடு நீ மேடையில் வாசித்தாயே, உன் முறை வந்தபோது கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு எட்டுக் கட்டம் சும்மா உட்கார்ந்திருந்தாயே, அந்த எட்டுக் கட்டங்களில் வாசிக்காதே என்று சொல்லும் ஓய்வுக் குறிகளைப் போட்டவள் நான். அவர் கொடுத்த இசைத் தாளில் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கட்டங்கள்தான் இருந்தன.

இதற்கு அடுத்த வரியாக "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று எழுதி, அடித்திருக்கிறேன். என் எழுத்தில் நீ அடித்தல் பார்த்திருக்கமாட்டாய், அதனால்தான் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். எப்படித் தெரியும், ஏன் செய்தேன் என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள். காலையிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலை வைக்க எழுந்தேன், வைத்துவிட்டேன் என்பது மறந்து மறுபடி எழுந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றால் என்னவென்று எழுந்து பார்க்கிறேன், மறுபடி ஆரம்பித்தாலும் எழுந்து பார்க்கிறேன்.

நேற்று வந்த உன் கடிதம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நீ பேசுவது போலவே எழுதுகிறவன், அதனால் உன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. "அவர் என்னை ஒரு வருஷம் ஜெர்மனிக்குக் கூப்பிடறதே அந்த எட்டுக் கட்டத்தை வெச்சுத்தாம்மா. மத்த அஞ்சு பேரும் கெடச்ச எடத்துல கையில இருந்த வித்தையெல்லாம் காட்டினாங்களாம், நான் ஒருத்தன்தான் சும்மா இருக்கத் துணிஞ்சேனாம். எனக்குத் துணிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாள்ல ஓய்வுன்னு இருந்துது, எண்ணிக்கினு உக்காந்திருந்தேன். அவர் நிமிந்து என்னைப் பாத்தாரு. ஏதோ வாசிக்கணும்னு அப்பவே புரிஞ்சுது. ஒண்ணும் தோணல. எழுதினத வாசிக்கிறவன்தான் நான்னு இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. வரலைன்னு அவருக்கு எழுதிட்டு, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். உனக்கும் அதுதான ஆசை." இப்படி எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி நீ கண்டுபிடித்ததாக நினைப்பது எல்லாம் என் பேனாவிலிருந்து வந்தது. அதை நம்பி ஆயுசு முழுவதற்கும் ஒரு முடிவு எடுக்கப் போகிறாய். கடைசி வரிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது.

நான் இந்தத் தாள் எழுதும் வேலைக்கு வந்த கதை உனக்குப் பாதி தெரியும். உன் அப்பா பகலில் சாயப்பட்டறை, முகூர்த்த நாளில் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மஸ்தான் பாயின் கல்யாண பேண்டில் கிளாரினெட். பாயிடம் இருந்த இங்கிலீஷ் மார்ச்சு, வால்ட்ஸ் தாள்கள் எல்லாம் ஒவ்வொரு பிரதிதான். அப்பா அதைப் பார்த்து எழுதினால் விரலில் இருக்கும் அரக்குச் சாயம் தாளில் ஏறிவிடும், எது புள்ளி எது கறை என்று தெரியாது. ஒருநாள் நான் எழுதிக் கொடுத்தேன். பிறகு பேண்டில் எல்லோருக்கும் நானே எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்து கோடு, அதன்மேல் புள்ளிகள், ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை என்றால் நாலுதான், குறையவும் கூடாது மிஞ்சவும் கூடாது. வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு வரியைக் காலியாக விட்டால் தூக்கம் வராதவளுக்கு இது புரிய எத்தனை நேரம் ஆகும்? எந்தப் புள்ளிக்கு என்ன சத்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டம் நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். ஒருமுறை அச்சடித்து வந்த தாளிலேயே ஒரு கட்டத்தில் அரை எண்ணிக்கை குறைந்ததைக் கண்டுபிடித்தேன். பாய் எண்ணிப் பார்த்துவிட்டு, "லண்டன்ல அச்சுப் போட்டவன் கணக்குலயே கை வெச்சிட்டியேம்மா" என்று சிரித்தார். அந்தப் பெருமையை நான் பத்திரமாக வைத்துக் காப்பாற்றினேன். வெறும் கட்டம் என்றால் எவனோ விட்டுவிட்ட கட்டம், அதை நிரப்புவது என் வேலை என்று கைக்குப் பழகிவிட்டது.

ஆனால் உன் தாளில் இருந்தது விட்டுப்போன கட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ ஊருக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எங்கள் இரண்டு பேருக்கும் எத்தனை பொறுமையாகச் சொன்னாய். அந்த நாட்டில் ஒரு காலத்தில் வாசிக்கிறவர்களும் தங்கள் கையால் சேர்த்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றாய். பிறகு இசை எழுதுகிறவர்கள், இங்கே மெதுவாக, இங்கே மூச்சு, இங்கே அழுத்தம் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்துவிட்டார்களாம். "வாசிக்கிறவன் வெறும் கைதாம்மா அப்புறம். அம்பது பேர் உக்காந்திருப்பான், அம்பது பேரும் ஒருத்தன் சொன்னத செய்யணும். இப்ப டேப் மெஷின் வந்துட்டுது. எழுதறவன் நினைச்ச சத்தத்தை அதுலயே பண்ணிக்கலாம், வாசிக்கிறவனே வாணாம். இந்த நேரத்துலதான் சில பேரு, மெஷினால ஆவாதது எதுன்னு யோசிச்சு, தாள்ல எடம் விட்டு எங்க கையில திரும்பக் குடுக்கறாங்க."

"நம்ம நாகஸ்வரக்காரர் ராகம் ஊதறது போலத்தானப்பா?" என்று நான் கேட்டேன்.

"அதுல அவருக்கு ராகம்னு ஒரு வேலி இருக்குதும்மா. அதுக்குள்ள ஓடலாம். இதுல வேலியையும் நான்தான் போட்டுக்கணும்."

பிறகு கிளாரினெட்டை எடுத்து ஒரே குழலில் இரண்டு குரல் வரவைத்துக் காட்டினாய். ஒன்று அழுவது போல, ஒன்று உறுமுவது போல. அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "எங்க பேண்டுல இது வந்திருந்தா பாய் கிட்ட வந்து, ரீடு ஒடஞ்சிருக்குது மாத்துன்னு சொல்லியிருப்பாரு" என்றார். அதற்கப்புறம் ஊதாமல் சாவிகளை மட்டும் படபடவென்று தட்டிக் காட்டினாய். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜம்மா குரல் கொடுத்தாள், "என்னா மா, தறி வாங்கிட்டீங்களா? சொல்லவேல்ல?" அப்பாவுக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் நீ அந்தக் குழலைத் தட்டியபோது உன் முகம் எனக்குப் பழக்கமான முகமாக இருந்தது. உன் அப்பாவின் முகம் அது. நான் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா ஏன் பேண்டை விட்டார் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் ஊர்வலம் சத்திரத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். நானும் அந்தத் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன். கடைசித் திருப்பத்தில் பேண்டு மார்ச்சை முடித்த இடத்தில், அப்பா நிறுத்தாமல் அதே மெட்டை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். யாரும் எழுதாதது அது. டிரம்காரர் கை ஓய்ந்து நின்றுவிட்டார். திறந்த காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்று கேட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், மாடியிலிருந்து பார்த்தவர்கள், பூக்காரி எல்லோரும் அப்படியே நின்றார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் குழலை இறக்கியபோது நாலே முக்கால். பெண் வீட்டார் ஊர்வலத்தை உள்ளே விடவில்லை. ஆறு மணிவரை மாப்பிள்ளை தெருவிலேயே காரில் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் அம்மா சத்திரத்து வாசலில் நின்றுகொண்டு, "மோளம் அடிக்க வந்தவனுக்கு எங்க வீட்டு நல்ல நேரம் கேக்குதா?" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்ன சொல் தெரு முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு பேண்டு பேச வருகிறவர்கள் எல்லோரும், அந்த ஆள் வராமல் இருந்தால் வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மஸ்தான் பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்துத்தான் கேட்டார், "என்னா பண்ணலாம் சொல்லுபா." பதில் சொன்னது நான். "இனிமே தாள்ல இருக்கறத மட்டும் ஊதுவாரு பாய். நான் பொறுப்பு." பாய் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தாள்ல இருக்கறத ஊத எனக்கு எத்தினியோ பேரு இருக்காங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்பா ஒரு வருஷம் இரண்டாவது கிளாரினெட்டாக, நான் எழுதிக் கொடுத்த தாளை ஒரு புள்ளி பிசகாமல் ஊதினார். பிறகு ஒருநாள் குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நீ எடுத்தது அந்தப் பெட்டியைத்தான். அன்றைக்கு நான் செய்தது குடும்பத்தைக் காப்பாற்றியது என்று பன்னிரண்டு வருஷம் நம்பினேன். அதே நம்பிக்கையோடுதான் உன் தாளையும் தொட்டேன்.

அந்தத் தாளை நீ கொண்டுவந்து கொடுத்தபோது, "பக்கம் திருப்பற எடம் எசகுபிசகா இருக்குதும்மா, திருப்பக் கை ஓயற எடத்துல பக்கம் முடியறாப்போல மாத்தி எழுதிக் குடு" என்றாய். ஸ்டூடியோ வேலையில் உனக்கு மூச்சு விட நேரமில்லை, தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கடைசிப் பகுதியை ஒத்திகையே பார்க்கக் கூடாதாம், மேடையில்தான் முதல் தடவை வாசிக்க வேண்டுமாம், எழுதியவர் அப்படிச் சொல்லியிருக்கிறாராம் என்று சிரித்தாய். மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தேன். அந்தக் கடைசிப் பகுதியில், மூன்றாவது பக்கத்தில் எட்டு வெறும் கட்டங்கள். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. உன் பழைய பள்ளிக்கூட அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இங்கே வாசிப்பவர் தமக்குத் தோன்றியதை வாசிக்கட்டும், இந்த இடம் அவருடையது, எனக்கு இதில் பாத்தியதை இல்லை. இதுதான் அர்த்தம் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாலாவது கோட்டிலிருந்து தொங்கும் சின்னக் கறுப்புப் பட்டை, அதுதான் ஒரு கட்டம் முழுவதற்கும் ஓய்வு. ஒன்றுபோல எட்டு பட்டைகள் போட்டேன். கீழே இருந்த இரண்டு வரியை விட்டுவிட்டேன். நீ மேடையில் நின்று அப்பாவைப் போல எங்கேயோ போய்விடாமல் இருந்தால் போதும், பத்திரமாக எண்ணி, பத்திரமாக முடித்து, ஸ்டூடியோக்காரர்கள் கண்ணில் நல்ல பிள்ளையாக இறங்கி வந்தால் போதும் என்று நினைத்தேன். மை காயும்வரை ஊதிக்கொண்டு இருந்தேன்.

கச்சேரி அன்று சாயங்காலம் நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு பேரும் ஆறு திக்கில் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரில் நின்று அந்த ஜெர்மன்காரர் நடத்தினார். பெரிய பிடில் போன்ற செலோவை வைத்திருந்த அம்மாள் நடுவில் எழுந்து மேடையைச் சுற்றி நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒருவர் வாசிக்காமல் மூச்சை மட்டும் விட்டார். எனக்குப் பின்னால் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு வெளிச்சம் விழுந்தது போல அவரவர் இடம் வந்தது, அவரவர் தமக்குத் தோன்றியதை வாசித்தார்கள். உன் முறை. நீ குழலை மடியில் வைத்தாய். நான் என் முந்தானைக்குள் விரல் விட்டு உன்னோடு எண்ணினேன். மூன்றாவது கட்டத்தில் அப்பா என் பக்கம் சாய்ந்து, "ஏன் ஊதல?" என்றார்.

"தாள்ல அப்பிடித்தான் இருக்குது. பேசாம இருங்க."

"இருக்காதே. அந்த வெள்ளக்காரரு இவனையே பாத்துக்கினு இருக்காரு பாரு. யாராவது ஓய்வை இப்பிடிப் பாப்பாங்களா?"

எட்டு முடிந்தது. அவர் அதற்கப்புறமும் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ தாளையே பார்த்தாய். பிறகு அவர் தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெற்ற பிள்ளை மேடையில் தவித்துக்கொண்டிருக்கிறான், எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுத வேண்டும் என்றுதான் காலையிலிருந்து எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

முடிந்ததும் அவர் எங்களிடம் வந்து கை கூப்பி ஏதோ சொன்னார். உங்கள் பிள்ளை மட்டும்தான் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை என்று சொல்கிறார் என நீ மாற்றிச் சொன்னாய், சொல்லும்போது உன் முகத்தில் ரத்தம் இல்லை. பஸ் நிலையத்தில் எங்களை ஏற்றிவிட வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், "அம்மா, அந்த மூணாம் பக்கம் தாள்ல அப்பிடியேதான் இருந்துதா?" நான், "ஆமாம்பா" என்றேன். "நீ எழுதினா தப்பிருக்காது, எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்" என்றாய். பஸ் கிளம்பிவிட்டது. பாய் சிரித்துப் பாராட்டியதிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த பெருமை முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்காகச் செலவழித்துவிட்டேன். உனக்கு என்மேல் இருந்த நம்பிக்கையால்தான் உன்மேல் உனக்கு நம்பிக்கை போயிற்று.

உனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் காமாட்சிக்குப் பதினோரு வெள்ளிக்கிழமை நெய் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவில் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று நீ எழுதிய வாரமே ஆரம்பித்தேன். இரண்டு வெள்ளி ஆயிற்று. மூன்றாவது வெள்ளி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஏற்ற முடியவில்லை. அவள் கொடுத்ததா, நான் கள்ளத்தனமாக எடுத்துக்கொண்டதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். தட்டு கொண்டுவந்த குருக்கள், "என்னம்மா, திரி நனையலையா?" என்றார். "ஆமாம் சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சந்நிதியிலும் பொய்.

நீ போ என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் உன் தாளில் நான் மறுபடி கை வைத்ததாக ஆகும். ஸ்டூடியோ வேலையும் குறைந்த வேலை இல்லை, அதை நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். காலையில் கையில் வந்த தாளை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு, நாற்பது பேரோடு ஒரே மூச்சில் பிசகாமல் வாசித்துவிட்டு எழுந்து வருகிறவர்களை நான் அங்கே பார்த்தேன். அவர்கள் பெயர் எதிலும் வராது. அது அவர்களுக்கு வருத்தமாகவும் தெரியவில்லை, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். எழுதியதை எழுதியபடி வாசிப்பது உனக்குப் பிடித்திருந்தால், பிடித்தது என்பதற்காகக் கையெழுத்துப் போடு. வேறு ஒன்றும் உனக்கு வராது என்பதற்காகப் போடாதே. உனக்கு வருமா வராதா என்பதற்கு இதுவரை ஒரு சாட்சியும் கிடையாது. அந்த எட்டுக் கட்டத்தில் நீ என்ன வாசித்திருப்பாய் என்று யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. நன்றாக வந்திருக்கலாம், சகிக்காமல் போயிருக்கலாம், நிஜமாகவே சும்மா உட்கார்ந்திருக்கலாம். மூன்றில் எதுவானாலும் அது உன்னுடையதாக இருந்திருக்கும். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன், திருப்பித் தர வழி தெரியவில்லை.

அந்த ஜெர்மன்காரருக்கும் உண்மையை எழுதிவிடு. தாளை மாற்றியது என் அம்மா, சும்மா இருந்தது என் துணிச்சல் இல்லை என்று எழுது. அவர் அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் அந்த நஷ்டத்துக்கும் நான்தான் காரணம், அதையும் சேர்த்து என்மேல் கோபப்படு. அவர் மறுபடி கூப்பிட்டால், அப்போது யோசி. பொய்யான ஒரு பாராட்டின் பேரில் போகவும் வேண்டாம், பொய்யான ஒரு தோல்வியின் பேரில் இங்கே உட்காரவும் வேண்டாம்.

இதுவரை எழுதியதை இப்போது உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பல் வலி என்று நான் சொல்லி வந்ததும், பாயிடம் அவருக்காக நான் பதில் சொன்னதும் எல்லாவற்றையும் விடாமல் படித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். பட்டறையிலிருந்து வந்த கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டும் நீயே போட்டியா?"

"ஆமாங்க."

"நான் அன்னிக்கே நெனச்சேன். எழுதினவன் விட்ட ஓய்வுல மூச்சு எங்கனா மாறும். இது ஒரே சீரா கோடு போட்டாப்போல இருந்துது." கை துடைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "பாய் என்னைத்தான் கேட்டாரு. நான்தான் வாயத் தொறக்கல. அதையும் எழுது, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போவாத" என்றார். எழுதிவிட்டேன்.

"தபால்ல போடறேன்" என்றேன்.

"தபால்ல போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள போயிச் சேரும்னு யார் கண்டா? குடு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நான் போறேன்."

"போயி என்ன சொல்லுவீங்க?"

"நான் என்னாத்த சொல்றது? அவன் படிக்கட்டும். எதிர்ல உக்காந்திருக்கேன்."

சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஆகவே இதை உன் கையில் கொடுத்தவர் இப்போது உன் எதிரில்தான் இருக்கிறார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை, முதலில் அதைக் கவனி. ஜெர்மன்காரர் கொடுத்த தாளை அப்படியே மடித்து இதோடு வைத்திருக்கிறேன், இங்கிலீஷ் வரிகளை நீயே படித்துக்கொள், என் அகராதி அர்த்தத்தை நம்ப வேண்டாம்.

எனக்குப் பதில் எழுது. கோபமாக இருந்தாலும் சரி, ஒரே வரியாக இருந்தாலும் சரி. எழுத மனம் வராவிட்டால் எழுதாதே. மன்னித்துவிட்டான் என்றோ, மன்னிக்கமாட்டான் என்றோ அந்த இடத்தில் நானாக எதையும் போட்டுக்கொள்ள மாட்டேன். அது காலியாகவே இருக்கட்டும்.

உன் அம்மா